ஒரு பக்கத்துக்கு ஒரு கோடு: மூன்றாண்டுப் பழக்கத்தில் என் டர்ன்டேபிள்

என் டர்ன்டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் அதில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுப்பேன். மூன்று கோடு சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். முள் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று கணக்கு வைப்பதற்காகத் தொடங்கிய பழக்கம் இது. முதல் முள் 900 கோட்டில் ஓய்வு பெற்றது. இப்போது மாட்டியிருப்பது 804-இல் நிற்கிறது. ஆக, 1,704 பக்கங்கள் கேட்ட பிறகு எழுதும் மதிப்புரை இது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பவர், வேலை செய்துகொண்டே பின்னணியில் இசை ஓட வேண்டும் என்பவர், தூசி துடைக்கப் பொறுமை இல்லாதவர் ஆகியோருக்கு இது வேண்டாம். இருபது நிமிடம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து, பிடித்தவர்களோடு சேர்ந்து ஒன்றைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் தயங்க வேண்டியதில்லை. இதைவிட நல்ல சாதனத்தை நான் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை.

என்னிடம் இருப்பது நடுத்தர ரகக் கருவி. மோட்டாரும் சுழல்தட்டும் ஒரு ரப்பர் பெல்ட்டால் இணைந்திருக்கும். முள்ளைக் கையால்தான் வைக்க வேண்டும், கையால்தான் எடுக்க வேண்டும். பக்கம் முடிந்தாலும் தானாக நிற்காது. நடுவில் உள்ள வெற்று வளையத்தில் முள் சுற்றிக்கொண்டே, யாராவது எழுந்து வரும்வரை டக், டக் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். முன்பு நான் வைத்திருந்தது பெட்டி மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகும் ரகம். ஒலிபெருக்கியும் அதற்குள்ளேயே இருந்தது. முள்ளின் அழுத்தத்தை மாற்ற அதில் வழியே கிடையாது. உள்ளேயே ஒலிபெருக்கி அதிர்ந்துகொண்டிருப்பதால், சத்தத்தைக் கூட்டினால் முள் துள்ளும். இசைத்தட்டு என்றாலே இப்படித்தான் கரகரக்கும் என்று ஓராண்டு நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஓராண்டை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: முள்ளைத் தாங்கும் கையின் பின்புறத்தில் திருகக்கூடிய எடைக்கல் இருக்கிறதா? இருந்தால் மற்றதையெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

அந்த எடைக்கல்லைச் சரிசெய்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் ரசமட்டம் வைத்து, சுழல்தட்டு சமமாக இருக்கிறதா என்று பார்த்தோம். மேசையின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்த பிறகுதான் குமிழி நடுவுக்கு வந்தது. அத்தான் டார்ச் பிடித்துக்கொண்டார். எடைக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். கனமாகக் கீழே சாய்ந்திருந்த கை மெல்ல எழுந்து, தராசின் நடுமுள் மாதிரி அந்தரத்தில் நின்றது. விரலால் தொட்டால் மேலும் கீழும் ஆடி மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. அதுதான் சுழியம். அங்கிருந்து 2 கிராம் ஏற்ற வேண்டும். சின்ன மின்னணுத் தராசு ஒன்றை வைத்து, அதன்மேல் முள்ளை இறக்கினோம். 1.7 காட்டியது. மயிரிழை திருகினால் 2.3. மீண்டும் பின்வாங்கி, 2.0 என்று எண் நின்றபோது நாங்கள் இருவரும் மூச்சுவிட்டோம். முப்பது நிமிட வேலைதான் இது. ஆனால் அந்த முப்பது நிமிடம் ஒலியை மாற்றிய அளவுக்கு அதன்பின் நான் செய்த எந்தச் செலவும் மாற்றவில்லை.

கையின் நுனியில் முள்ளைச் செருகும் சின்னப் பாகமான கார்ட்ரிட்ஜின் பெயரை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பாராட்ட வேண்டும்: ஆடியோ டெக்னிகா ஏடி-விஎம்95இ. நீள்வட்ட முனை கொண்டது. 1.8 முதல் 2.2 கிராம் வரை அழுத்தம் வைக்கலாம், 2 கிராம் பொருத்தமானது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், தேய்ந்ததும் முழுக் கார்ட்ரிட்ஜையும் தூக்கிப் போட வேண்டியதில்லை என்பதுதான். முள்ளை மட்டும் உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். அந்த வரிசையில் உள்ள கூரான, மேலும் நுட்பமான முனைகளும் இதே உடலில் பொருந்தும். நீள்வட்ட முனைக்கு 300 மணி நேர ஆயுள் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்கள். என் நோட்டில் 900 கோடு என்பது அந்தக் கணக்குதான்.

இணைப்பில் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். முதல் நாள் டர்ன்டேபிளை நேராக ஆம்ப்ளிஃபயரின் சாதாரணத் துளையில் செருகிவிட்டேன். தாழ்ந்த ஒலியே இல்லாமல் எல்லாம் கீச்சென்று, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்டது. கருவி பழுது என்றே நினைத்தேன். காரணம் வேறு. தாழ்ந்த ஸ்தாயி ஒலியை அப்படியே தட்டில் பள்ளமாக வெட்டிப் பதித்தால் வரிப்பள்ளம் அகலமாக அலைந்து, பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்தை அடைக்க முடியாது. அதனால் வெட்டும்போதே கீழ் ஒலியைக் குறைத்து, மேல் ஒலியைத் தூக்கி வைக்கிறார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். 1954 முதல் இதற்கு ரியா என்ற பொது அளவு இருக்கிறது. அந்தத் திருப்பும் வேலையைச் செய்வது போனோ பிரீஆம்ப் என்ற சின்னப் பெட்டி. அதை நடுவில் வைத்ததும் டபுள் பேஸின் தந்தி, அறையின் தரையிலிருந்து எழுவது போல வந்தது. எர்த் கம்பியை மாட்ட மறக்காதீர்கள். மாட்டாவிட்டால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் எந்தப் பாட்டுக்கும் கூடவே வரும்.

கருவியைப் பற்றி இவ்வளவு போதும். எதைக் கேட்டோம் என்பதுதான் முக்கியம்.

சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் நான்கைந்து பேர் கூடுவோம். ஆளுக்கு ஒரு இசைத்தட்டு கொண்டுவர வேண்டும். ஆனால் ஒரு பக்கம் மட்டுமே போடலாம். பக்கம் முடியும்வரை யாரும் பேசுவதில்லை. இந்த இரண்டு விதிகளும் தாமாகவே உருவானவை. ஒரு பக்கம் என்ற கட்டுப்பாடு வந்ததும், எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என்று வாரம் முழுவதும் யோசிக்கத் தொடங்கினோம். வீட்டில் தனியாக நாலு முறை கேட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுவருவார்கள். ‘இந்த இடத்தைக் கவனியுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லத் துடிக்கும் வாயை அடக்கிக்கொண்டு, அந்த இடம் வரும்போது மற்றவர்களின் முகத்தைப் பார்ப்பது இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இசைத்தட்டு வாங்குகிறேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, நண்பர் ஒருவர் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பழைய அச்சைக் கொண்டுவந்தார். 1959-இல் வெளியானது. அன்று மட்டும் விதியை மீறி இரண்டு பக்கமும் போட்டோம். முதல் பக்கம் ஓடும்போதே வீணை வாசிக்கும் என் அக்கா முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் பக்கம் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடிந்ததும் சொன்னாள்:

“தம்பி, முதல் பக்கத்தில் சுருதி கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. உன் கருவி வேகமாகச் சுற்றுகிறது, பார்.”

“இரண்டாம் பக்கத்தில்?”

“அதில் சரியாக இருக்கிறது. அதுதான் எனக்கும் புரியவில்லை.”

வீணைக்கு வைத்திருக்கும் டியூனரைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் காது சொன்னதையே அதுவும் சொன்னது. வேகம் பார்க்கும் கோட்டுத் தாளைச் சுழல்தட்டின்மேல் வைத்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் சுற்றவிட்டோம். கோடுகள் அசையாமல் நின்றன. அதாவது நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பிசகில்லை. பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்த இசைத்தட்டு 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டு நாட்களில் பதிவானது. முதல் நாள் பதிவின்போது பிரதான டேப் கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும் அல்லவா? அந்த நாளில் பதிந்த மூன்றும்தான் முதல் பக்கத்தில் இருப்பவை. உடன் ஓடிய மாற்று டேப்பில் வேகம் சரியாக இருந்தது. அதைக்கொண்டு 1992 மறுபதிப்பில்தான் இதைத் திருத்தினார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் அந்த ஏறிய சுருதியோடுதான் அதைக் கேட்டு மயங்கியிருக்கிறது. டியூனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவை அன்று நாங்கள் எல்லோரும் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது! தன் காது தவறவில்லை என்ற திருப்தியில் அவள் அந்த இசைத்தட்டின் ரசிகையாகிவிட்டாள். திருத்திய அச்சையும் நான் வாங்கினேன். ஆனால் எனக்குப் பிடித்தது பழையதுதான். தொடக்கத்தில் பால் சேம்பர்ஸின் பேஸ் கேள்வி கேட்பதும் மற்றவர்கள் இரண்டு சுரத்தில் பதில் சொல்வதும், அந்தத் தூக்கலில் இன்னும் கொஞ்சம் விழிப்பாக இருப்பதாக என் மனத்துக்குப் படுகிறது. அக்கா இதை ஒப்புக்கொள்ளவே மாட்டாள்.

கீத் ஜாரெட்டின் ‘கோல்ன் கான்செர்ட்’ இரட்டை இசைத்தட்டு. 1975 ஜனவரி 24 நள்ளிரவை ஒட்டி, ஜெர்மனியின் கோல்ன் நகர ஓபரா அரங்கில் அவர் தனியாக பியானோ வாசித்தது. கேட்டிருந்த பியானோ வரவில்லை. கிடைத்தது சிறியது, மேல் ஸ்தாயி மெலிந்து ஒலிப்பது, பெடலும் ஒழுங்காக இல்லாதது. அதனால்தான் அவர் நடு ஸ்தாயியிலேயே தங்கி, இடக்கையால் ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு போகிறார் என்பார்கள். முதல் பக்கம் 26 நிமிடம். எல்.பி. எனப்படும் இந்த வகை நீண்ட நேர இசைத்தட்டுக்கும் இது மிக நீளம். நான்காம் பக்கமோ ஏறத்தாழ 7 நிமிடம்தான். ஒலிக்கோப்பாகக் கேட்டால் இந்த ஏற்றத்தாழ்வு உங்களுக்குத் தெரியாது. முன்னதன் வாலாக ஓடிப் போய்விடும். இசைத்தட்டில் அந்த ஏழு நிமிடத்துக்காக நீங்கள் எழுந்து, இரண்டாவது தட்டைத் திருப்பி, துடைத்து, முள்ளை வைக்க வேண்டும். வரிப்பள்ளங்கள் விளிம்பை ஒட்டிக் கொஞ்ச தூரமே இருக்கும். மிச்சமெல்லாம் வழவழவென்று கருப்பாகப் பளபளக்கும். அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டே கேட்கும்போது, இது சீக்கிரம் முடிந்துவிடப் போகிறது என்று கண்ணுக்கே தெரிகிறது. நான் இதைப் போட்ட ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், “இன்னொரு தடவை” என்று கேட்டிருக்கிறார். பக்கத்துக்கு ஒரு கோடு என்ற கணக்கில் இதற்கு மட்டும் நான் அரைக்கோடு போடுகிறேன்.

பியானோவைப் பற்றி வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. புதிய இசைத்தட்டு சரியாக அச்சாகியிருக்கிறதா என்று சோதிக்கப் பியானோவைவிடக் கடுமையான வாத்தியம் இல்லை. நடுத்துளை கொஞ்சம் விலகியிருந்தாலும், நீண்டு நிற்கும் சுரம் தண்ணீரில் தெரியும் நிழல் மாதிரி அலையும். எனக்கு அப்படி ஒன்று வந்தது. இன்னொன்று அப்பளம் மாதிரி வளைந்து வந்தது. முள் ஒவ்வொரு சுற்றுக்கும் மலையேறி இறங்கியது. இரண்டையும் திருப்பி அனுப்பினேன். 180 கிராம் கனம் என்று உறைமேல் பெருமையாக ஒட்டியிருந்தது. கனத்துக்கும் நல்ல ஒலிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மூலப்பதிவு எது, வெட்டியவர் யார், அச்சு எவ்வளவு சுத்தம் என்பவைதான் முடிவு செய்கின்றன. ஒலிப்பதிவுப் பொறியாளர் ரூடி வான் கெல்டர் வெட்டிய ஜாஸ் தட்டுகளில், பாட்டு முடிந்து பெயர்ச்சீட்டுக்கு முன்னால் உள்ள வெற்று வளையத்தில் அவர் பெயரோ முதலெழுத்துகளோ பொறித்திருக்கும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது அத்தானுக்குப் பெரிய சந்தோஷம். இசையில் அதுவரை நாட்டமில்லாமல் இருந்தவர், உறையின் பின்புறக் குறிப்புகளை வாசிக்க ஆரம்பித்துத்தான் உள்ளே வந்தார். முப்பது சென்டிமீட்டர் அட்டையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, இருபது நிமிடமும் ஒரு சொல் விடாமல் வாசிப்பார். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். உறை அறையைச் சுற்றி வந்து சேர்வதற்கும் பக்கம் முடிவதற்கும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நான் எல்லோருக்கும் முதலில் போட்டுக் காட்ட விரும்புவது அலி அக்பர் கான் சரோத் என்ற வடஇந்தியத் தந்தி வாத்தியம் வாசித்த தட்டு. 1955-இல் ஏஞ்சல் நிறுவனம் வெளியிட்டது. மேற்குலகில் வெளிவந்த முதல் இந்தியச் செவ்வியல் இசை எல்.பி. என்று அறியப்படுவது. பக்கத்துக்கு ஒரு ராகம்: ஒன்றில் சிந்து பைரவி, இன்னொன்றில் பீலு. தபேலா சதுர் லால். வயலின் மேதை யஹூதி மெனுஹின் தன் குரலிலேயே அறிமுகம் செய்துவைக்கிறார். அதற்கு முந்தைய அரக்குத் தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடமே கிடைத்தது. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் அதற்குள் ஆரம்பித்து முடிக்க வேண்டும். 1948-இல் எல்.பி. வந்தது; ஏழே ஆண்டில் இந்தப் பதிவு. திடீரென்று நான்கு மடங்கு இடம் கிடைத்தவர் அதை எப்படிச் செலவழிக்கிறார் என்று கேளுங்கள். அவசரமே இல்லை. ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அது கரைந்து முடிவதற்காகக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பின் நடுவில் என் தட்டிலிருந்து மெல்லிய பொரிச்சத்தம் கேட்கும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, மென்மையான துணியால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே மூன்று முறை கழுவினேன். பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருப்பது எனக்கு முன்னால் இதைக் கேட்டவர்களின் முள் விட்ட தடம். ஒரு மணி நேரம் விரிய வேண்டிய ராகத்தை இருபது நிமிடத்தில் அடைத்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு நண்பர் வாதம் செய்தார். பீலுவைப் போட்டேன். முடிந்து, முள் டக், டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதைத் தூக்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

குறைகளை மறைக்க மாட்டேன். வினைல் இசைத்தட்டின் ஒலிதான் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி சி.டி.யில் 96 டெசிபல், எல்.பி. 70-ஐத் தொட்டாலே பெரிது. இன்னொன்று, பக்கத்தின் கடைசிப் பாட்டு எப்போதும் கொஞ்சம் இழக்கும். தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் வெளிவிளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடினால், உள்வளையத்தில் 21 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அதே இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். நீள்வட்ட முனை அங்கே கொஞ்சம் திணறும்; பாடுபவரின் ‘ஸ’ ஒலி சீறும். முனையின் கோணத்தைச் சரியாக அமைத்தால் பாதி குறையும். மீதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தட்டைப் படுக்கை வசத்தில் அடுக்காதீர்கள், நிற்க வையுங்கள். தாளுறை கீறும், வழவழப்பான உள்ளுறைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் கார்பன் இழைத் தூரிகையால் ஒரு சுற்றுத் துடையுங்கள். ஒலிபெருக்கியையும் டர்ன்டேபிளையும் ஒரே பலகையில் வைக்கவே கூடாது.

இவ்வளவு சிரமமும் எனக்குப் பாரமாகத் தோன்றாததற்குக் காரணம் அந்த இருபது நிமிடம்தான். பகல் முழுவதும் மற்றவர்கள் எழுதியதைப் பிழை பார்ப்பது என் தொழில். கண் எங்கே போனாலும் திருத்தத் தேடும். முள் இறங்கி, பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு விநாடி ‘ஸ்ஸ்’ என்று வருகிறதே, அங்கே கண்ணுக்கு வேலை முடிந்துவிடுகிறது. அடுத்ததற்குத் தாண்ட பொத்தான் இல்லை. பிடிக்காத மூன்றாவது பாட்டையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிப் பிடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்த சில மூன்றாவது பாட்டுகள் இப்போது எனக்கு மிகவும் வேண்டியவை ஆகிவிட்டன.

இன்னும் 96 கோடு இருக்கிறது. புதிய முள் வந்து மேசை இழுப்பறையில் காத்திருக்கிறது. இந்த முறை மைக்ரோலீனியர் என்ற கூரிய முனை வாங்கியிருக்கிறேன். 1,000 மணி நேரம் தாங்கும் என்கிறார்கள், உள்வளையத்துச் சீறலும் அடங்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதில் முதலில் எதைப் போடுவது என்று சென்ற சனிக்கிழமையே பேச்சு வந்துவிட்டது. அத்தான் சிந்து பைரவி என்றார். அக்கா, ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இரண்டாம் பக்கம் என்றாள். நான் ஏழு நிமிடப் பக்கத்தை எடுத்து உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்படி வைத்திருக்கிறேன்.